எரியக்கூடிய பொருட்கள்

மனிதன் நெருப்பைக் கண்டுபிடித்தது ஒன்றும் பெரிய காரியமல்ல. வேலையில்லாதவன் எவனோ இரண்டு கல்லை உரசியிருப்பான், பற்றிக்கொண்டிருக்கும். அந்த நெருப்பிலிருந்து எந்தப் பொருளை எத்தனை சென்டிமீட்டர் தள்ளி வைக்க வேண்டும் என்று கண்டறிந்ததுதான் நாகரிகம். அந்த நாகரிகம், சிதம்பரம் ஆனந்த நடன நகர் இரண்டாம் குறுக்குத் தெருவில், 'பாதுகாப்பு இல்லம்' என்று கறுப்புப் பளிங்கில் பெயர் பொறித்த வீட்டின் அடுப்பங்கரையில் தன் உச்சத்தை எட்டியது என்பது பொதுமக்களுக்கு இதன்மூலம் பணிவுடன் அறிவிக்கலாகிறது.

அந்த அடுப்பங்கரையின் கிரானைட் மேடையில் நான்கு பர்னர் கொண்ட ஹாப் அடுப்பு ஒன்று பதிக்கப்பட்டிருக்கிறது. அதற்கும் பக்கச் சுவருக்கும் உள்ள இடைவெளியைப் பார்த்தால் மனசு நிறையும். மேலே சிம்னிக்கும் அதற்கும் உள்ள இடைவெளியைப் பார்த்தால் நாட்டில் ஒழுங்கு இன்னும் சாகவில்லை என்று தோன்றும். கீழே இழுப்பறையில் இருக்கும் கரண்டிகளுக்குக்கூடச் சூடு படாமல் நடுவில் ஒரு தடுப்புப் பலகை உண்டு. கரண்டிக்கே இப்படி என்றால் மனிதர்களுக்கு எப்படி என்று நீங்கள் கேட்கலாம். அவசரப்படக் கூடாது.

இந்தச் சாதனைக்குச் சொந்தக்காரர் பஞ்சநாதம். கடலூரில் ஒரு ரசாயன ஆலையில் பணிக்காலம் முழுவதும் பாதுகாப்பு அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவர். மஞ்சள் தலைக்கவசம் போட்டே பழகி, கல்யாண வீட்டுப் புகைப்படங்களில் தலையில் ஏதோ குறைகிற மாதிரி நிற்பார். அந்த ஆலையின் வாசலில் அவர் வைத்த கரும்பலகை ஒன்று இருந்தது. 'இவ்வாலையில் விபத்தில்லாத நாட்கள்' என்று பெயின்டில் எழுதி, எதிரே சாக்பீஸில் ஓர் எண். அந்த எண் அவர் காலத்தில் ஒருமுறைகூட இறங்கியதில்லை.

அப்படியானால் அங்கே யாருக்கும் காயமே படவில்லையா என்று விவரமில்லாதவர்கள் கேட்பதுண்டு. காயம் பட்டது. காயம் வேறு, விபத்து வேறு. உதாரணமாக, சிங்காரம் என்கிற தொழிலாளிக்கு ஒருநாள் வால்வு பிய்த்துக்கொண்டு நீராவி அடித்துத் தோள்பட்டை வெந்துபோனது. மற்றவர்கள் சிங்காரத்தைத் தூக்க ஓடினார்கள். பஞ்சநாதம் டேப்பை எடுக்க ஓடினார். அளந்து பார்த்ததில், வால்வு இருந்த ஷெட்டின் எல்லை சாக்கடையோடு முடிகிறது என்பதும் சிங்காரத்தின் கால்கள் சாக்கடைக்கு அந்தப்பக்கம் இருந்தன என்பதும் ஐயமற நிறுவப்பட்டன.

"சிங்காரம், நீ நின்னது ஷெட்டுக்கு வெளிய."

"ஆவி உள்ளேர்ந்துதான சார் வந்துச்சு."

"ஆவி எங்கேர்ந்து வேணா வரலாம். நீ எங்க இருந்தேங்கறதுதான் கேள்வி."

பலகையில் எண் இறங்கவில்லை. அந்த வருஷம் ஆலைக்கு வெள்ளிக் கேடயம் கிடைத்தது. சிங்காரத்துக்குச் சம்பளமில்லாத ஓய்வு கிடைத்தது. கேடயத்தின் சிறிய நகல் ஒன்று இன்றும் பாதுகாப்பு இல்லத்தின் ஹாலில் கண்ணாடி அலமாரிக்குள் மின்னுகிறது.

பஞ்சநாதத்தின் மனைவி கார்த்யாயினி கடலூர் குவார்ட்டர்ஸில் சமைத்த அடுப்பங்கரை, ஃபிரிட்ஜ் கதவைத் திறக்க வேண்டுமானால் சமைக்கிறவர் வெளியே போய்விட்டு வரவேண்டிய அகலம். அதில் நின்றே பிள்ளைகளை வளர்த்து, படிக்க வைத்து, பெங்களூருக்கும் பஹ்ரைனுக்கும் அனுப்பிவிட்டாள். ஓய்வுக்குப் பிறகு சிதம்பரத்தில் வீடு கட்டும் பேச்சு வந்தபோது அவள் கேட்டது ஒன்றே ஒன்று.

"ஜன்னலோரமா அடுப்பு வேணுங்க. நின்னு சமைக்கசொல்லோ மூஞ்சில காத்து படணும். தெருவ பாக்கணும். வேற எனக்கு ஒண்ணும் வேணாம்."

"அவ்ளோதான?" என்றார் பஞ்சநாதம் பெருந்தன்மையுடன். "பாதுகாப்பு விஷயத்த மட்டும் நான் பாத்துக்கறேன்."

அந்த 'மட்டும்' எவ்வளவு அகலமானது என்று அவளுக்கு அப்போது தெரியாது.

கார்த்யாயினியின் தம்பி சபரீஷ் கடலூர் மஞ்சக்குப்பத்தில் மாடுலர் கிச்சன் கடை வைத்திருக்கிறான். அக்கா வீட்டுக்கு ஹாப்பும் சிம்னியும் தன் பங்காக இருக்கட்டும் என்று வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினான். பெட்டியிலிருந்து அடுப்பை எடுப்பதற்கு முன்பே பஞ்சநாதம் அதிலிருந்த மேனுவலை எடுத்துக்கொண்டார். வாஸ்து பார்க்க வந்தவரை, "எங்ககிட்ட மேனுவல் இருக்கு" என்று வாசலோடு அனுப்பிய பகுத்தறிவாளர் அவர். அடுத்த நாள் காலை குளித்து, திருநீறு இட்டு, கிழக்கே பார்த்து உட்கார்ந்து மேனுவலை முதல் பக்கத்திலிருந்து வாசித்தார்.

அன்றே சாப்பாட்டு மேசையில் 'இடைவெளி ஆலோசனைக் கூட்டம்' கூடியது. தலைமை பஞ்சநாதம். முன்னிலை பஞ்சநாதம். சபரீஷ் சிறப்பு அழைப்பாளர். கார்த்யாயினி காபி.

"ஜன்னலுக்குக் கீழ வச்சிடலாம் மாமா, அக்கா கேட்டமாரி" என்று சபரீஷ் ஆரம்பித்தான்.

"பக்கம் ஏழு" என்றார் பஞ்சநாதம். "காத்து நேரா அடிக்கற எடத்துல வைக்கக்கூடாது. அடிச்சா சுடர் அணையும். அணைஞ்சா கேஸ் கசியும். கசிஞ்சா?"

"கசியாது மாமா. சுடர் அணைஞ்சா தானா மூடிக்க உள்ள ஒரு வால்வு வச்சிருக்கான். ஜன்னல ஒருக்களிச்சு சாத்திட்டாலும் போதும்."

"மச்சான், வால்வோடவே ஆயுசு பூரா குடித்தனம் பண்ணவன் நான். எங்கிட்ட வால்வப் பத்திப் பேசாத."

ஜன்னல் தோற்றது. எதிர்ச் சுவரை ஒட்டிய மேடையில் ஹாப்பைப் பதிப்பது என்று ஏகமனதாக, அதாவது ஒரு மனதாக, தீர்மானம் நிறைவேறியது.

"அப்ப ஜன்னல்?" என்றாள் கார்த்யாயினி.

"ஜன்னல் எங்கயும் போவல. முதுகுக்குப் பின்னாலதான் இருக்கு. வேணுங்கறப்போ திரும்பிப் பாத்துக்கோ."

கிரானைட் வெட்ட லூர்துசாமி வந்தார். காட்டுமன்னார்கோயிலிலிருந்து கடலூர் வரைக்கும் எத்தனையோ மேடைகளில் ஓட்டை போட்டவர். எல்லா ஓட்டையையும் கண்மதிப்பில் போட்டவர். "அர இஞ்சுல என்னா சார் ஆயிடப்போவுது" என்பது அவருடைய தொழில் தத்துவம். பஞ்சநாதம் அவருக்குத் தன்னுடைய மஞ்சள் தலைக்கவசத்தை அணிவித்து, தாடைப் பட்டையைத் தானே மாட்டிவிட்டார். லூர்துசாமிக்குச் சின்னத் தலை. மெஷின் அதிர அதிரக் கவசம் நழுவிக் கண்ணை மூடியது. கல்லை அறுத்துக்கொண்டிருந்த பிளேடு, போட்டிருந்த கோட்டை விட்டுவிட்டுத் தன் வழியில் போனது.

"நிறுத்துய்யா" என்றார் பஞ்சநாதம்.

"நிறுத்தறேன் சார். மொதல்ல சுச்சு எங்க இருக்குன்னு சொல்லுங்க, ஒண்ணும் தெரியல."

அந்தக் கல் வாசற்படிக்குப் போனது. புதுக் கல் வந்தது. லூர்துசாமி இந்த முறை கவசத்தைத் திருப்பிப் போட்டுக்கொண்டு வெட்டினார். பக்கச் சுவருக்குப் பதினைந்து சென்டிமீட்டர், உயர அலமாரிக்கு முப்பது, சிம்னிக்கு எழுபத்தைந்து. பஞ்சநாதம் ஒவ்வொன்றையும் இருமுறை அளந்து, மூன்றாவது முறை சபரீஷை அளக்கச் சொல்லி, அவன் சொன்னதைத் திருத்தினார். வேலை உண்மையிலேயே நேர்த்தியாகத்தான் இருந்தது. அதை மறுப்பவன் குருடன்.

பிரச்சினை அடுத்த பக்கத்தில் வந்தது. 'எரியக்கூடிய பொருட்களை அடுப்பின் அருகில் வைக்க வேண்டாம்' என்று மேனுவல் சொன்னது. அருகில் என்றால் எவ்வளவு என்று சொல்லவில்லை. அளவு தராத ஒரு விதியைப் பஞ்சநாதம் தன் வாழ்நாளில் முதல்முறையாகச் சந்தித்தார். அன்று மத்தியானம் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. சாயங்காலம் தெளிவு பிறந்தது. அளவு சொல்லாவிட்டால் அதை வரையறுப்பது பொறுப்பு அதிகாரியின் கடமை. 'அருகில்' என்றால் 'அடுப்பங்கரைக்குள் எங்கும்' என்று வரையறுத்தார்.

வெளியேற்றம் தொடங்கியது. முதலில் ஜன்னல் திரைச்சீலை. பிறகு வடையின் எண்ணெய் வடிக்கச் சேர்த்து வைத்திருந்த பழைய பேப்பர் கட்டு. எண்ணெய் டின்கள். அரிசி மூட்டை. பிளாஸ்டிக் டப்பாக்கள் அத்தனையும், உள்ளே இருந்த பருப்போடு. துடைப்பம். தேங்காய், நாரோடு. வீட்டின் பின்சுவருக்கும் காம்பவுண்டுச் சுவருக்கும் நடுவே துணி துவைக்க விட்டிருந்த சந்து ஒன்று உண்டு. மேலே ஃபைபர் ஷீட் போட்டது. வீட்டுப் பிளானில் அதற்கு 'வொர்க் ஏரியா' என்று பெயர். எல்லாம் அங்கே போய் ஒன்றன்மேல் ஒன்றாக உட்கார்ந்தன.

கடைசியாகப் பஞ்சநாதம் சுவரில் மாட்டியிருந்த நடராஜர் படத்தின் கீழே டேப்போடு வந்து நின்றார். மரச் சட்டம்.

"அவரு கையிலயே நெருப்பு வச்சிருக்காரு" என்றாள் கார்த்யாயினி. "சுத்தியும் எரியுது. அவருக்கு எத்தன சென்டிமீட்டரு விட்டிருக்காங்கன்னு அளந்து பாருங்களேன்."

"வெளையாடாத. சட்டம் தேக்கு."

தில்லைக் கூத்தரும் சந்துக்குப் போய், வாஷிங் மெஷினுக்கு மேலே எழுந்தருளினார்.

புதுமனை புகுவிழாவில் ஓர் இக்கட்டு. பால் காய்ச்சினால் பொங்கி வழிய வேண்டும் என்பது குடும்பத்தின் விதி. அடுப்பின்மேல் எதுவும் பொங்கி வழியக் கூடாது என்பது மேனுவலின் விதி. பஞ்சநாதம் ஒரு கையில் மேனுவலும் ஒரு கை பர்னர் திருகியிலுமாக நின்றார். பால் விளிம்புக்கு வந்தது. திருகியை மூடினார். பால் உள்ளே போனது.

"என்னடா தம்பி இது?" என்றாள் அவருடைய அக்கா லலிதாம்பிகை. "வர்ற லட்சுமிய வாசல்ல நிறுத்தி, போயிட்டு அப்பறம் வான்னு சொன்னமாரி."

"வழிஞ்சா பர்னர் அடைச்சிக்கும்க்கா. அது ஒரு சம்பவம். சம்பவம்னா எழுதணும்."

"எழுதித் தொலையேன். பொங்கவிடு."

ஐயர் நல்ல நேரம் முடிவதாக நினைவூட்டினார். உறவினர்கள் முகம் சுளித்தார்கள். பஞ்சநாதம் கண்ணை மூடி யோசித்து, உலகப் பாதுகாப்பு இயலுக்கே புதிய ஒரு சொல்லை அந்த இடத்தில் வழங்கினார். "சரி. இது 'திட்டமிட்ட பொங்குதல்'. விபத்துல வராது." பால் பொங்கியது. எல்லோரும் கை தட்டினார்கள். ஒரு விஷயம் எதில் வரும், எதில் வராது என்று தெரிந்திருப்பதுதான் அதிகாரியின் மேன்மை.

விருந்தினர் போனதும் ஹாப் துடைக்கப்பட்டது. எதிரே கரும்பலகை ஒன்று மாட்டப்பட்டது. 'இவ்வடுப்பங்கரையில் விபத்தில்லாத நாட்கள்'. தினமும் காலையில் எண்ணை அழித்து ஒன்று கூட்டி எழுதும் பொறுப்பு கார்த்யாயினிக்குக் கொடுக்கப்பட்டது. "உபயோகிக்கறவங்க கையாலதான் எழுதணும். அப்பதான் பொறுப்பு வரும்" என்றார். அவளும் தினமும் காபி போடுவதற்கு முன்னால் சாக்பீஸை எடுத்து எழுதினாள்.

இத்தோடு முடிந்திருக்க வேண்டியது. ஆனால் ஒருநாள் காலை, மேசையில் உட்கார்ந்து அடுப்பங்கரையை ரசித்துக்கொண்டிருந்த பஞ்சநாதத்தின் கண்ணில் ஒன்று உறுத்தியது. எரியக்கூடிய பொருள் ஒன்று இன்னும் உள்ளே இருந்தது. அதுவும் ஹாப்பை ஒட்டி. அது காட்டன் புடவை கட்டிக்கொண்டு ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தது.

அவர் பதறவில்லை. மஞ்சள் பெயின்ட் வாங்கிவந்து தரையில் ஒரு கோடு போட்டார். சமைக்கிறவர் கோட்டுக்கு இந்தப்பக்கம் நிற்க வேண்டும்.

"கை எட்டலையே" என்றாள் கார்த்யாயினி, கோட்டில் நின்றுகொண்டு.

"நீட்டக் கரண்டி வாங்கித்தரேன்."

"கரண்டி எட்டும். உப்ப எப்படிப் போடறது, வீசிப் போடணுமா?"

"கோட்டத் தாண்டணும்னா அந்தக் கோட்ட மாட்டிக்கோ" என்று ஆலையிலிருந்து நினைவாகக் கொண்டுவந்திருந்த வெப்பத் தடுப்பு அங்கியையும் முகக் கண்ணாடியையும் எடுத்துக் கொடுத்தார். அக்னி நட்சத்திரம் நடந்துகொண்டிருந்தது. அவள் மாட்டிக்கொண்டாள். ஒரு தோசை வார்த்தாள். இரண்டாவது தோசையில் மூச்சு முட்டியது. தோசையைக் கேட்க வந்த அண்டை வீட்டுப் பூனை அவளைப் பார்த்து மதில் ஏறிக் குதித்தது. கார்த்யாயினி முகக் கண்ணாடியைக் கழற்றி மேடைமேல் வைத்தாள்.

மறுநாள் காபி நேரத்துக்கு வந்தது. மத்தியானம் சாப்பாடு வந்தது. ஆனால் ஹாப் சுடவில்லை. தொட்டுப் பார்த்தார். சில்லென்று இருந்தது. பஞ்சநாதம் மோப்பம் பிடித்துக்கொண்டு பின்பக்கம் போனார். சந்தில், குவார்ட்டர்ஸிலிருந்து வந்த பழைய இரட்டை பர்னர் அடுப்பு ஒரு மர ஸ்டூலின்மேல் எரிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் சிலிண்டர். ஒருபுறம் எண்ணெய் டின்கள், பேப்பர் கட்டு, திரைச்சீலை மூட்டை. மறுபுறம் அரிசி, துடைப்பம், தேங்காய். தலைக்குமேல் ஃபைபர் ஷீட். நடுவில் இருந்த இடத்தில் கார்த்யாயினி பக்கவாட்டில் நின்றிருந்தாள். நேராக நிற்க முடியாது.

"இங்க என்னா பண்றே?"

"எல்லாத்தயும் இங்கதான அனுப்பிச்சிங்க. நானும் வந்துட்டேன்."

பஞ்சநாதம் டேப்பில் கை வைத்தார். பிறகு கையை எடுத்தார். மேனுவல் என்பது ஹாப்புக்கு வந்தது. பழைய அடுப்புக்கு மேனுவலே கிடையாது. மேனுவல் இல்லாத இடத்தில் விதி இல்லை. விதி இல்லாத இடத்தில் மீறல் எப்படி வரும்? உள்ளே திரும்பிப் பார்த்தார். ஹாப் பளபளவென்று, நான்கு பக்கமும் காலியாக, ஒரு கறிவேப்பிலைகூட இல்லாமல் ஜொலித்தது. மேனுவலின் அட்டைப் படத்தில் இருந்தது மாதிரியே இருந்தது.

"அதுவும் நல்லதுக்குத்தான்" என்றார்.

"எனக்கு ஒரு ஜன்னல் தரேன்னிங்க" என்றாள்.

"இங்க ஏன் ஜன்னலு? ரெண்டு பக்கமும் தெறந்துதான கெடக்கு. காத்து ஜாஸ்தி."

ஆனந்த நடன நகர் நலச் சங்கத் தலைவர் ஸ்ரீதர், ஓய்வு பெற்ற வங்கி மேலாளர். குடிநீர்க் குழாய், தெரு விளக்கு போன்ற சில்லறைப் பிரச்சினைகளில் சங்கம் தன் சக்தியை வீணாக்கக் கூடாது என்ற கொள்கையுடையவர். பாதுகாப்பு இல்லத்தின் அடுப்பங்கரையைப் பற்றிக் கேள்விப்பட்டதும், அதை நகரின் 'முன்மாதிரி அடுப்பங்கரை' என்று அறிவித்துச் சான்றிதழ் வழங்கச் சங்கம் முடிவு செய்தது. ஞாயிறு காலை உறுப்பினர்கள் வருவார்கள். சிற்றுண்டி, இட்லியும் கத்தரிக்காய் கொத்சுவும். சிதம்பரத்தில் வேறு என்ன கொடுப்பது?

"நாளைக்காவது உள்ள சமைச்சிக்கட்டுமா?" என்று முந்தின நாள் கார்த்யாயினி கேட்டாள். "அத்தன பேருக்கு. சந்துல அண்டா வச்சா திரும்ப எடமில்ல."

"அவுங்க பாக்க வர்றதே அந்த ஹாப்பத்தான். அதுல கொத்சு தெறிச்சிருந்தா என்னா மரியாத?"

நியாயமான பேச்சு.

ஞாயிறு காலை உறுப்பினர்கள் கோட்டுக்கு இந்தப்பக்கம் வரிசையாக நின்றார்கள். சபரீஷும் கடலூரிலிருந்து வந்து ஓரமாக நின்றான். சுவரில் சிவப்பாகத் தீயணைப்பான் ஒன்று, முத்திரை கலையாமல், மாலை போட்டுத் தொங்கியது. பஞ்சநாதம் மைக் இல்லாமலே மைக் இருக்கிற குரலில் பேசினார். "இடைவெளி என்பது வெறும் காலி இடமல்ல, அது ஓர் உயிரின் மதிப்பு" என்றார். ஸ்ரீதர் அதைத் தன் கைபேசியில் குறித்துக்கொண்டார்.

அதே நேரத்தில் சந்தில், ஒரு பர்னரில் முதல் ஈடு இட்லி இறங்கியிருந்தது. மறு பர்னரில் தாளிப்புக்கு எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. கார்த்யாயினி இரண்டாவது ஈட்டுக்கு மாவுப் பாத்திரத்தை எடுக்கத் திரும்பினாள். சந்தில் காற்று ஜாஸ்தி என்று பஞ்சநாதம் சொன்னது பொய்யல்ல. ஒரு வீச்சு வீசியது. பேப்பர் கட்டின் மேல் தாள் ஒன்று எழும்பி பர்னரில் விழுந்து, பற்றிக்கொண்டு, திரைச்சீலை மூட்டையில் இறங்கியது. மூட்டைக்கு அடுத்து எண்ணெய் டின்கள்.

"ஏங்க" என்று அவள் ஒருமுறை கூப்பிட்டாள்.

"எங்கயோ தீயற வாசன வருதே சார்" என்றார் ஸ்ரீதர் உள்ளே.

"இங்க அதுக்கு வாய்ப்பே இல்ல. தொட்டுப் பாருங்க, அடுப்பே பத்தல" என்றார் பஞ்சநாதம். சிலர் தொட்டுப் பார்த்து வியந்தார்கள்.

சபரீஷ் மட்டும் பாய்ந்து சுவரிலிருந்த தீயணைப்பானைப் பிடித்து இழுத்தான்.

"மச்சான், அது ஹாப்புக்குன்னு ஒதுக்கனது" என்று பஞ்சநாதம் அதன் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். மாலை அறுந்தது.

இருவரும் இழுத்துக்கொண்டிருந்த நேரத்தில் கார்த்யாயினி எரிகிற மூட்டையை வலது கையால் டின்களிடமிருந்து பிடுங்கி, தரையில் எறிந்து, ஒரு பாத்திரம் இட்லி மாவையும் அதன்மேல் கவிழ்த்தாள். புஸ்ஸென்று அடங்கியது. அடுப்பை மூடினாள். சிலிண்டரை மூடினாள். பிறகுதான் தன் கையைப் பார்த்தாள். முழங்கைக்குக் கீழே தோல் வழன்றிருந்தது. குழாயைத் திறந்து அடியில் நீட்டிக்கொண்டாள். வாஷிங் மெஷின்மேல் இருந்த நடராஜர் முகத்தில் மாவு தெறித்திருந்தது.

சபரீஷ் அக்காவைத் தன் வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். விழா தடைபடவில்லை. இருந்த ஒரு ஈடு இட்லியை ஆளுக்கு ஒன்றாகப் பகிர்ந்தார்கள். தாளிக்காத கொத்சுவும் நன்றாகவே இருந்தது. ஸ்ரீதர் சான்றிதழை வழங்கி, "எல்லாம் பிரமாதம் சார், இட்லிதான் கொஞ்சம் கம்மி" என்று கூறி விடைபெற்றார்.

அக்காவும் தம்பியும் திரும்பி வந்தபோது விசாரணை தொடங்கியிருந்தது. விசாரணை அதிகாரி பஞ்சநாதம் ஹாப்பின் விளிம்பில் டேப்பின் முனையை மாட்டி, மேடையைத் தாண்டி, மஞ்சள் கோட்டைத் தாண்டி, பின்கதவைத் தாண்டி, சந்தில் மாவு காய்ந்துகொண்டிருந்த இடம் வரைக்கும் இழுத்திருந்தார்.

"கார்த்யாயினி, நீ நின்னது இங்கதான?"

"ஆமா."

"கால் ரெண்டும் கதவுக்கு வெளிய?"

"கதவுக்கு வெளியதான்."

"பதினாலு அடி" என்றார். முகத்தில் நிம்மதி பரவியது. "அடுப்பங்கரைன்னா கதவோட முடிஞ்சிபோச்சி. இது எல்லைக்கு வெளிய."

"மாமா, அக்காவுக்குக் கை வெந்திருக்கு" என்றான் சபரீஷ். பற்களைக் கடித்துக்கொண்டு சொன்னான்.

"வெந்தத நான் இல்லேங்கல மச்சான். எங்க வெந்துச்சுங்கறதுதான் கேள்வி."

கார்த்யாயினி நாற்காலியில் உட்கார்ந்தாள். கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, முதுகுக்குப் பின்னால் இருந்த ஜன்னலைக் கொஞ்ச நேரம் திரும்பிப் பார்த்தாள். திரைச்சீலை இல்லாததால் தெரு நன்றாகத் தெரிந்தது.

"ஏங்க, அந்த சிங்காரத்துக்குத் தோளு ஆறிடிச்சா?" என்று கேட்டாள்.

"எந்த சிங்காரம்?" என்றார் பஞ்சநாதம், டேப்பைச் சுருட்டிக்கொண்டே.



மறுநாள் காலை பலகையில் எண் ஒன்று கூடியிருந்தது. கார்த்யாயினியின் வலது கையில் கட்டுப் போட்டிருந்ததால், அன்று அதைப் பஞ்சநாதமே எழுதினார்.